மலையில் வால்மீன் படம் எடுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

வால்மீன் படத்தில் நேரம்தான் முதலில் தீர்ந்துபோகும். 2024 அக்டோபர் 12-ஐ ஒட்டி சுச்சின்ஷான்-அட்லஸ் (சி/2023 ஏ3) மாலை வானத்துக்கு வந்த முதல் ஓரிரு நாள்களில், முழு இருட்டு வருவதற்குள்ளேயே அது மேற்கு அடிவானத்தை ஒட்டிவிட்டது. அப்படிப்பட்ட அரை மணி நேரத்தில் மெனுவைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும், நின்ற இடத்தில் ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனையை முதலிலும், காசு செலவாகிற காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம்.

எதற்கும் முன்னால் ஒரு பழக்கம் வேண்டும். முதல் படம் எடுத்ததும் திரையில் 100 சதவீதம் பெரிதாக்கி, வால்மீனை விட்டுவிட்டு ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். வால்மீன் இயல்பிலேயே மசமசப்பானது. அதை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. நட்சத்திரத்தின் வடிவம் காரணத்தைச் சொல்லிவிடும். ஊதிய வட்டமாக இருந்தால் ஃபோகஸ். எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால் வானத்தின் சுழற்சி. நெளிந்தோ இரட்டையாகவோ இருந்தால் அதிர்வு. சுற்றிலும் ஒளிவட்டம் இருந்து படத்துக்குப் படம் அது பெருத்தால், லென்ஸில் பனி.

## அறிகுறி 1: படத்தில் வால்மீனே இல்லை

திசை தவறா? ஸ்டெல்லேரியம் போன்ற வான வரைபடச் செயலியில் இடமும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மலையில் சிக்னல் இல்லாமல் செயலி பழைய ஊரையே வைத்திருப்பது அடிக்கடி நடக்கும். அடுத்து, வால்மீனின் சுற்றுப்பாதைத் தரவு. கோள்களுக்குப் பழைய தரவு போதும், வால்மீனுக்குப் போதாது. கணினி ஸ்டெல்லேரியத்தில் சூரியக் குடும்ப எடிட்டர் என்ற செருகுநிரல் வழியாக மைனர் பிளானட் சென்டர் (வால்மீன், சிறுகோள் தரவுகளைத் திரட்டும் மையம்) தரும் புதிய தரவை இறக்கிக்கொள்ளலாம். இதை மலையேறும் முன் வீட்டில் செய்துவிடுங்கள்.

லென்ஸ் மிகக் குறுகலா? ஃபுல்ஃபிரேம் கேமராவில் 50 மிமீ லென்ஸ் ஏறத்தாழ 40×27 டிகிரி வானத்தைக் காட்டும். 200 மிமீ லென்ஸ் 10×7 டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்த முஷ்டி 10 டிகிரி என்பதால், முஷ்டி அகலம் தவறினாலே 200 மிமீயில் வால்மீன் வெளியே போய்விடும். 50 மிமீயில் தேடிப் பிடித்து, பக்கத்து நட்சத்திரங்களை அடையாளம் வைத்து, பிறகு பெரிய லென்ஸுக்கு மாறுங்கள்.

எதிர்பார்ப்பு தவறா? வால்மீனுக்குச் சொல்லப்படும் ஒளியளவு (எண் கூடக் கூட மங்கல்), அதன் மொத்த வெளிச்சத்தையும் ஒரே புள்ளியில் குவித்தால் என்ன வருமோ அது. உண்மையில் அது பரவிக் கிடக்கும். 5-ஆம் ஒளியளவு வால்மீன் அதே அளவு நட்சத்திரத்தைவிட மிக மங்கலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். போதாததற்கு, அடிவானத்துக்கு மேல் 5 டிகிரியில் இருக்கும் பொருளின் ஒளி, உச்சியில் இருப்பதைப்போல் 10 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 10 டிகிரிக்குக் கீழே என்றால் கண்ணில் தெரியும் என்று காத்திருக்காதீர்கள். திசையை நம்பிப் படம் எடுங்கள்.

மங்கலாக ஒரு பொட்டு இருக்கிறது, அதுதானா? 20 நிமிட இடைவெளியில் அதே இடத்தை இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். பூமிக்கு அருகே வந்த வால்மீன் நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறியிருக்கும். நெபுலாவோ விண்மீன் கொத்தோ மாறாது. தொலைவில் இருப்பது அவ்வளவு சீக்கிரம் நகராது, அதை மறுநாள் படத்தோடு ஒப்பிட வேண்டும். காவலூர் வானாய்வகத்துக்குப் பெயர் தந்த வைணு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் படத்தகட்டில் கண்டுபிடித்த பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீனும் இப்படித் தகட்டில் பதிந்த ஒரு மங்கல் பொட்டிலிருந்து வந்ததுதான். இணையம் இருந்தால் படத்தை அஸ்ட்ரோமெட்ரி.நெட்டில் ஏற்றுங்கள். எந்த வானப் பகுதி என்று அது துல்லியமாகச் சொல்லிவிடும்.

பொட்டு பச்சையாக, மிகக் கூர்மையான விளிம்போடு இருக்கிறதா? சட்டத்துக்குள்ளோ பக்கத்திலோ வெள்ளி, வியாழன், நிலா, தெருவிளக்கு என்று ஏதாவது பிரகாசமாக இருந்தால் அது லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. கேமராவைச் சற்றே நகர்த்தினால் போலிப் பொட்டு நட்சத்திரங்களோடு சேர்ந்து நகராமல் எதிர்ப்பக்கம் போகும். யூவி ஃபில்டரைக் கழற்றினால் பெரும்பாலும் போய்விடும். இரவில் அந்த ஃபில்டருக்கு வேலையே இல்லை.

விடியற்காலை வால்மீனுக்கு ஓர் எச்சரிக்கை: சூரியன் உதிக்கும் நேரம் நெருங்கியதும், கண்ணாடி வழியாகப் பார்க்கும் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: நட்சத்திரங்கள் ஊதிய வட்டங்களாக இருக்கின்றன

ஆட்டோஃபோகஸ் மாறிவிட்டது. லென்ஸில் உள்ள ஸ்விட்ச் எம்எஃப்பில் (கையால் ஃபோகஸ்) இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஷட்டரைப் பாதி அழுத்தும்போது லென்ஸ் சத்தமிட்டால் அது இன்னும் ஆட்டோவில்தான் இருக்கிறது.

முடிவிலிக் குறியை நம்பியது. லென்ஸில் உள்ள ∞ குறி ஏறத்தாழ ஒரு வழிகாட்டிதான். பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் சுழலும். லைவ்வ்யூவை 10 மடங்கு பெரிதாக்கி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை வைத்து, வளையத்தை மெல்லத் திருப்புங்கள். நட்சத்திரம் சுருங்கி, மிகச் சிறியதாகி, மறுபடி பெருக்கத் தொடங்கும். ஒருமுறை அந்த இடத்தைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்து நிறுத்துங்கள். தாண்டாமல் நிறுத்தினால் சரியான இடம் எது என்று தெரியவே தெரியாது.

பள்ளத்தாக்கு விளக்கில் ஃபோகஸ் செய்தது. 50 மிமீ லென்ஸுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள விளக்கு போதும். 200 மிமீ எஃப்/2.8-க்குப் போதாது. பிக்சல் அளவில் கூர்மை வேண்டுமானால் அந்த லென்ஸுக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் தொலைவு தேவை. ஊர் விளக்கு எவ்வளவு தூரம் என்று இருட்டில் கணிப்பதைவிட நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வது நல்லது. பாட்டினோவ் முகமூடி (லென்ஸின் முன் மாட்டும், கீற்றுகள் வெட்டிய தகடு; நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று ஒளிக்கோடுகளைக் காட்டும்) வைத்திருந்தால் நடுக்கோடு இரண்டு குறுக்குக் கோடுகளுக்கும் சரிபாதியில் வரும் வரை திருப்புங்கள்; பெரிய லென்ஸுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

முதலில் சரியாக இருந்தது, பிறகு கெட்டது. குளிர் ஏற ஏற லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நகரும். கேமராவைப் பையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு ஃபோகஸ் செய்து, வளையத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். லென்ஸில் பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை கட்டினால், அது சூடாகிக் கால் மணி கழித்து மறுபடி பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மசங்கல். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி ஒரு படம் எடுங்கள். மசங்கல் படத்தின் அதே மூலையில் இருந்தால் கோளாறு லென்ஸில். வானத்தோடு இடம் மாறினால் அங்கே மூட்டம். நான்கு மூலையிலும் நட்சத்திரங்கள் சிறகு விரித்தாற்போல் தெரிந்தால், அது லென்ஸை முழுக்கத் திறந்து வைப்பதால் வருவது. எஃப்/1.8-லிருந்து எஃப்/2.8-க்கு இறக்கினால் பெருமளவு அடங்கும். மறுநாள் பகலில் செங்கல் சுவரை நேராக எடுத்துப் பார்த்தும் ஒரு பக்கமே மசங்கினால் உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. அது சர்வீஸ் சென்டர் வேலை; ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 3: நட்சத்திரங்கள் நீண்டு கோடாகின்றன (வானத்தோடு சேர்த்துக் கேமராவைச் சுழற்றும் டிராக்கர் இல்லாமல்)

எல்லாம் ஒரே திசையில், சீரான நீளத்தில். எக்ஸ்போஷர் அதிகம். பழைய 500 விதி பிலிம் காலத்துக்கானது. இன்றைய 24 மெகாபிக்சல் கேமராவுக்கு 300 விதியை வைத்துக்கொள்ளுங்கள். 300-ஐ லென்ஸின் மிமீயால் வகுத்தால் நொடி கிடைக்கும். 50 மிமீக்கு 6 நொடி. கிராப் சென்சார் (ஃபுல்ஃபிரேமைவிடச் சிறியது) என்றால் மிமீயை 1.5-ஆல் (கேனானில் 1.6) பெருக்கி வகுக்க வேண்டும்: 200 மிமீக்கு 1 நொடிதான். ஒரு நொடி போதாது என்று நினைக்க வேண்டாம். 1 நொடிப் படம் 300 எடுத்து மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 5 நிமிட வெளிச்சம் சேர்ந்துவிடுகிறது. அதற்கு, தானாக அடுத்தடுத்துப் படம் எடுக்கவைக்கும் இன்டர்வெலோமீட்டர் இருந்தால் போதும்.

நெளி, கொக்கி, இரட்டை. விரல் பட்டிருக்கும், 2 நொடி டைமர் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் மிரர் லாக்கையும் போடுங்கள். டிரைபாடில் வைத்த பிறகும் லென்ஸின் ஸ்டெபிலைசர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே படத்தை ஆட்டும், அணைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், மலைக்காற்றில் அது பாய்மரமாகிவிடும்.

காற்று வீசும்போது மட்டும். டிரைபாடின் நடுத்தண்டை முழுக்க இறக்குங்கள், மெல்லிய கடைசிக் கால் பகுதிகளை நீட்டாதீர்கள். பையைத் தொங்கவிடும்போது அதன் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் ஆடும் பை டிரைபாடையும் சேர்த்து ஆட்டும். காருக்குப் பின்னால் மறைவில் நின்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு, காரில் யாரும் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொபைலில் எடுப்பவர்கள்: முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 25 மிமீக்குச் சமம் என்பதால் ப்ரோ மோடில் 10 நொடியைத் தாண்ட வேண்டாம். ஐஎஸ்ஓ 1600, ஃபோகஸ் கையால், டைமர் 3 நொடி. பூதக்கண்ணாடி வசதியை (டிஜிட்டல் ஜூம்) தொடவே வேண்டாம்.

## அறிகுறி 4: டிராக்கர் ஓடுகிறது, கோடும் விழுகிறது

நம் ஊர் மலைகளில் அதிகம் தொல்லை தருவது இதுதான். வெளிநாட்டு வழிகாட்டிகள் துருவ நட்சத்திரம் நடுவானத்தில் நிற்பதாக நினைத்து எழுதப்பட்டவை. இங்கே அது அடிவானத்தில் கிடக்கிறது.

முதலில் எளியவை. டிராக்கரின் அரைக்கோள ஸ்விட்ச் வடக்கில் இருக்கிறதா? வேகம் நட்சத்திர வேகத்தில் இருக்கிறதா, நிலா அல்லது சூரிய வேகத்தில் இருக்கிறதா? அரை வேகம் என்றொரு அமைப்பு பல டிராக்கர்களில் உண்டு. அது விழுந்திருந்தால் நட்சத்திரம், மரம் இரண்டுமே பாதி பாதி இழுபடும். கிளட்சை இறுக்கினீர்களா? எல்லாம் சரி என்றால் அடுத்தது துருவ நோக்கு, அதாவது டிராக்கரின் சுழல் அச்சை வானத்தின் வடதுருவத்தை நோக்கி வைப்பது.

துருவ நட்சத்திரம் அந்தந்த இடத்தின் அட்சரேகை அளவு உயரத்தில் இருக்கும். கொடைக்கானலில் ஏறத்தாழ 10 டிகிரி, ஊட்டியில் 11.4, ஏற்காட்டில் 11.8, காவலூரில் 12.6. அதாவது வடக்கே ஒரு மேடோ யூகலிப்டஸ் தோப்போ இருந்தால் போச்சு. மறையாவிட்டாலும் மூட்டத்தில் மங்கிவிடும். அப்படியானால்:

1. டிராக்கரின் அடித்தட்டை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள்.
2. மொபைல் சாய்வுமானியை டிராக்கரின் அச்சோடு ஒட்டவைத்து, அந்த ஊர் அட்சரேகைக்குச் சாய்வை அமையுங்கள்.
3. திசைகாட்டியால் வடக்கு பாருங்கள். தமிழகத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் 2 டிகிரியை ஒட்டித்தான் வரும். ஆனால் காரும் இரும்பு டிரைபாடும் முள்ளை இழுத்துவிடும். அவற்றைவிட்டு நன்றாகத் தள்ளி நின்று திசை எடுத்து, தூரத்து மரம் ஒன்றைக் குறி வையுங்கள்.

இந்த முறை எவ்வளவு தாங்கும்? அச்சு 1 டிகிரி தவறினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 விகலை விலகும் (ஒரு டிகிரி 3600 விகலை). 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் 85 மிமீ லென்ஸுக்கு அது 2 பிக்சல்கூட இல்லை, கவலை வேண்டாம். 200 மிமீயில் 4 பிக்சல். அப்போது எக்ஸ்போஷரை 20 நொடிக்கு இறக்குங்கள், அல்லது துருவம் தெரிகிற இடத்துக்கு நகருங்கள்.

தாழ்ந்த அட்சரேகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிராக்கர் ஏறக்குறைய படுத்தே இருப்பதால் எதிர் எடைத் தண்டு டிரைபாட் காலில் இடிக்கும். இடித்த நொடியிலிருந்து எல்லாப் படமும் கோடுதான். தண்டு போகும் வழியில் கால் வராதபடி டிரைபாடைத் திருப்பி வைத்து, கேமராவைப் பொருத்திய பிறகு அது சுழலப்போகும் பாதையைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வாங்கப் போகிறவர்கள், அடித்தட்டு 10 டிகிரி வரை இறங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நோக்கு சரி, சமநிலை சரி, ஆனாலும் சில படம் கூர்மை, சில படம் கோடு என்று சீரான இடைவெளியில் மாறி மாறி வந்தால் அது பல்சக்கரத்தின் பிழை. எக்ஸ்போஷரைக் குறைத்துக் கெட்ட படங்களைத் தள்ளிவிடலாம். சக்கரம் கரகரத்தாலோ நின்று நின்று ஓடினாலோ விற்றவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 5: நட்சத்திரம் கூர்மை, வால்மீன் மட்டும் இழுபட்டிருக்கிறது

டிராக்கர் நட்சத்திரத்தைத் தொடர்கிறது, வால்மீனையல்ல. பூமிக்கு அருகே வரும் வால்மீன் ஒரு நாளில் 4 டிகிரி நகர்ந்தால் நிமிடத்துக்கு 10 விகலை. உங்கள் பிக்சல் எத்தனை விகலை என்று பார்க்க, பிக்சல் அளவை (மைக்ரான்) 206-ஆல் பெருக்கி லென்ஸின் மிமீயால் வகுங்கள். 4 மைக்ரான், 200 மிமீ என்றால் 4.1 விகலை. அப்போது 2 நிமிடப் படத்தில் தலை 5 பிக்சல் இழுபடும். 30 நொடியோடு நிறுத்தினால் தெரியாது.

தனிப்படங்கள் நன்றாக இருந்து, அடுக்கிய பிறகு கெட்டால் மென்பொருளில்தான் கோளாறு. படம் அடுக்கும் மென்பொருளான டீப்ஸ்கைஸ்டாக்கரில் முதல் படம், கடைசிப் படம், ஆதாரப் படம் (மற்றவற்றைப் பொருத்த எடுத்துக்கொள்ளும் படம்) மூன்றிலும் வால்மீனின் தலையைக் குறித்துவிட்டு வால்மீன் முறையில் அடுக்குங்கள். இடைப்பட்ட படங்களில் தலை எங்கே என்பதை அது படத்தின் நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் ஒரே தொடரின் நடுவே கேமரா கடிகாரத்தை மாற்றக் கூடாது. சிரில் என்ற மென்பொருளிலும் முதல், கடைசிப் படங்களில் தலையைக் குறித்து அடுக்கும் வசதி உண்டு. இரண்டிலுமே நட்சத்திரங்கள் கோடாகும். நட்சத்திரத்துக்கு ஒன்று, வால்மீனுக்கு ஒன்று என்று இரண்டு முறை அடுக்கிச் சேர்ப்பது வழக்கம்.

## அறிகுறி 6: வானம் வெளுத்திருக்கிறது, வாலைக் காணோம்

அந்தி. 10 டிகிரி அட்சரேகையில் சூரியன் மறைந்து ஏறத்தாழ 70–75 நிமிடம் கழித்தே முழு இருட்டு. வால்மீன் அதற்குள் மறையும் என்றால் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 800, 1 நொடியில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்; இடம் இருட்டு, வலம் வெளிச்சம்) பாருங்கள். மேடு இடப்பக்கத்திலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்கட்டும். இடச்சுவரில் ஒட்டினால் நேரத்தைக் கூட்டுங்கள், நடுவைத் தாண்டினால் குறையுங்கள்.

நிலா. இதற்கு எந்த மென்பொருளும் மருந்தல்ல. 2024 அக்டோபர் 17-இல் பௌர்ணமி. சுச்சின்ஷான்-அட்லஸின் நீண்ட வால் அந்த நாள்களில் நிலவொளியில் கரைந்தது. 20-ஆம் தேதிக்குப் பிறகு நிலா தாமதமாக உதித்ததால் மாலையில் இருட்டு கிடைத்தது. தலை அதற்குள் மங்கத் தொடங்கிவிட்டாலும் வாலுக்கு அந்த நாள்களே மேல்.

ஊர் வெளிச்சம், புகை. மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது மலையின் உயரத்தைவிட முக்கியம். ஏற்காட்டின் தென்மேற்கே அடிவாரத்திலேயே சேலம் கிடக்கிறது. மாலை மேற்கு வால்மீனுக்கு அது சரிவராது, விடியற்காலைக் கிழக்குக்குப் பரவாயில்லை. கொடைக்கானலில் நகரத்தை விட்டு மேல்மலைப் பக்கம், பூம்பாறை, மன்னவனூர் என்று போனால் மேற்கு இருட்டாக இருக்கும். தீபாவளி வாரத்தில் சமவெளிப் புகை அடிவானத்தை மூடும். லெம்மன் (சி/2025 ஏ6) பூமிக்கு மிக அருகே வந்த 2025 அக்டோபர் 21 அமாவாசை நாள்தான், ஆனால் தீபாவளிக்கு மறுநாள். இடம் தேர்ந்ததும் வனத்துறை எல்லையா என்று விசாரியுங்கள். கொடைக்கானல் பக்கம் இரவில் காட்டெருமை சாலையில் நிற்கும். அதைக் கண்டால் படத்தை விட்டுவிட்டுக் காருக்குள் போய்விட வேண்டும்.

ஜேபெக்கில் எடுத்தது. வாலின் வெளிச்சம் பின்னணியைவிடக் கொஞ்சமே கூட. ஜேபெக் அதைத் தூக்கி எறிந்துவிடும். சென்சாரின் தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள்.

## அறிகுறி 7: படத்துக்குப் படம் மங்கி, நட்சத்திரம் சுற்றி ஒளிவட்டம்

சிவப்பு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். வெண்படலம் இருந்தால் பனி. கண்ணாடி தெளிவாக இருந்து படம் மட்டும் மங்கினால் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறுகிறது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பனி என்றால் துடைக்காதீர்கள். துடைத்த ஈரம் உடனே திரும்ப வரும், கண்ணாடியில் கீறலும் விழும். லென்ஸ் ஹூட் போடுங்கள். சூடாகும் பொட்டலம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி, முன்கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் ரப்பர் பேண்டால் கட்டுங்கள், ஃபோகஸ் வளையத்தில் படாமல். தொடர்ந்து எடுப்பவர்கள் யூஎஸ்பி ஹீட்டர் பட்டை வாங்குவது நல்லது. 5 வாட் பட்டை 10,000 எம்ஏஎச் பவர்பேங்கில் ஏறத்தாழ 6 மணி நேரம் ஓடும். பனி விழுந்த பிறகு போடுவதைவிட முதல் படத்துக்கு முன்பே போடுங்கள்.

## அறிகுறி 8: கேமரா நடுவிலேயே நின்றுவிடுகிறது

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் உறைந்து நின்றால் அது கோளாறல்ல; லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஓடுகிறது. பாதி நேரத்தைத் தின்றுவிடும், அணைத்துவிடுங்கள். பதிலுக்குக் கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நொடியில் 15–20 இருட்டுப் படம் எடுத்துக்கொண்டால் சிவப்பு, நீலப் புள்ளிகள் அடுக்கும்போது போய்விடும். செயற்கைக்கோள் கோடுகளும் 15 படத்துக்கு மேல் சிக்மா கிளிப்பிங் (மற்றப் படங்களோடு ஒத்துவராத பிக்சலை ஒதுக்குவது) முறையில் அடுக்கினால் மறையும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் குளிர்தான் காரணம். உதிரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியும் உடம்புச் சூட்டில் கொஞ்சம் உயிர் பெறும். பவர்பேங்கில் ஓடும் டிராக்கர் சில நிமிடத்தில் நின்றால், இழுக்கும் மின்சாரம் குறைவாக இருப்பதால் பவர்பேங்க் தானாக அணைகிறது. ஹீட்டர் பட்டையையும் அதே பவர்பேங்கில் செருகினால் அணையாது.

முழு பேட்டரி போட்டும் கேமரா எழவில்லை, ஷட்டர் பாதியில் சிக்கி எரர் காட்டுகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 9: திரும்பி வந்த சில வாரத்தில் எல்லாப் படமும் சோகையாக இருக்கிறது

பகல் படத்திலும் தெளிவு குறைந்திருந்தால் லென்ஸைக் கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். தூசு தனித்தனிப் புள்ளியாக இருக்கும், அது படத்தைக் கெடுக்காது. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஆரம்பத்திலேயே கொடுத்தால் சுத்தம் செய்து தருவார்கள். விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும்.

வராமல் தடுக்க, படம் முடிந்ததும் வெளியிலேயே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டு, பிறகு அறைக்குள் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரம் திறக்க வேண்டாம். மெமரி கார்டை முன்பே எடுத்து வைத்துக்கொண்டால் பையைத் திறக்கும் ஆசையும் வராது. வீட்டுக்கு வந்ததும் லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம்; அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.